மச்சுப்படி

“எம் பிள்ள எங்கிட்ட ஏறி வந்துறக் கூடாதுன்னுதானே நீங்க அவளப் படியிலயே விடல?”

போன வாரம் பிச்சம்மாளிடம் முருகம்மாள் கேட்ட கேள்வி இது. பிச்சம்மாள் புடைத்துக்கொண்டிருந்த சுளகைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புறவாசலுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சில்லை.

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில், கீழ்வீட்டில் மூத்தவர் வெள்ளத்துரையும் அவர் மனைவி பிச்சம்மாளும். மச்சில் இளையவன் ஆவுடையப்பனும் அவன் மனைவி முருகம்மாளும். வெள்ளத்துரைக்கு ராயகிரிப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஆவுடையப்பன் பஸ் கண்டக்டர். முருகம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அந்தக் குடும்பத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் பெண்.

இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. முருகம்மாள் பெற்றவள், பிச்சம்மாள் வளர்ப்பவள். மூத்தவர்களுக்குப் பிள்ளை இல்லை. வடிவு என்கிற அந்தப் பெண் குழந்தைக்கு இப்போதுதான் இரண்டு வயது முடிந்திருக்கிறது.

நடை வந்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. புதிதாக நடக்கும் பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். காலை அகட்டி வைக்கும். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டே நடக்கும். கம்பியில் நடக்கும் கழைக்கூத்தாடிக்கு மூங்கில் எப்படியோ, அப்படி அதற்குக் கை. உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகு கை மெல்லக் கீழே இறங்கும். கை இறங்கினால்தான் அதற்கு வேறு வேலை கிடைக்கும். டம்ளரைத் தூக்கிக்கொண்டு வரும், செருப்பைக் கொண்டுபோய் ஒளிக்கும்.

பிறகு குத்தவைத்து ஒரு சாமானை எடுத்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கும். அப்புறம் ஓட்டம். அதை முதலில் ஓட்டம் என்றே சொல்ல முடியாது. உடம்பு முன்னால் விழப்போகும், விழாமல் இருக்கக் கால் பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். பந்தை உதைப்பதும் அப்படித்தான். முதலில் பந்தின் மேலே நடந்துபோய் முட்டும். ஒற்றைக் காலில் ஒரு கணம் நிற்கத் தெரிந்த பிறகுதான் அது உதை ஆகும்.

வடிவு இதையெல்லாம் ஒழுங்காகவே செய்தாள். படி மட்டும் ஏறவில்லை.

படி ஏறுவது சின்ன விஷயம் இல்லை. தரையில் நடக்கும்போது பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். படியிலோ மேலே வைத்த ஒற்றைக் கால் முழு உடம்பையும் தூக்க வேண்டும். பிள்ளைக்குத் தலைதான் கனம். அது பின்னால் இழுக்கும். அதனால்தான் பிள்ளைகள் முதலில் தவழ்ந்து ஏறுகின்றன. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து ஏறும். பெரியவர்களைப் போலக் கால் மாற்றி ஏறுவதற்கு மூன்று வயதுகூட ஆகும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எதிரில் படி இருந்தால் போதும், பிள்ளை தானே முட்டி மோதிக் கற்றுக்கொள்ளும்.

போன வாரம் முருகம்மாள் அவளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டரம்மா பந்தை உருட்டிவிட்டார், வடிவு உதைத்தாள். சாவியைக் கீழே போட்டார். குத்தவைத்து எடுத்துத் தந்தாள். அறை மூலையில் பலகையால் செய்த குட்டிப் படி ஒன்று இருந்தது. அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் வடிவு திரும்பி நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். என்னைத் தூக்கு என்று அர்த்தம்.

“கால்ல ஒரு குறையும் இல்லம்மா. பழக்கம் இல்ல, அவ்வளவுதான். ஏன், உங்க வீட்டுல படியே கிடையாதா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அந்தக் கேள்வி பஸ் நெடுக முருகம்மாளின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பிச்சம்மாள் தலையில் இறக்கிவிட்டாள்.

இன்று ஆடித்தபசுக் கொடியேற்றம். விடியும் முன்பே கோயில் மேளம் சந்து வரைக்கும் கேட்டது. கொடி ஏறிவிட்டால் ஊரில் ஆடிச்சுற்று ஆரம்பம். அவரவர் நேர்ந்துகொண்டபடி கோயிலைச் சுற்றி வருவார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதி அம்மன், சுற்றுகிறவர்களின் கால்வலியைத் தான் வாங்கிக்கொள்வாள் என்று நம்பிக்கை.

முருகம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மச்சிலிருந்து இறங்கினாள். படிக்குக் கீழே பிச்சம்மாள் நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள்.

“முருகு.”

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

“என்னக்கா?”

“பிள்ளைய இன்னைக்கு ஒரு நேரம் மட்டும் எங்கிட்ட தா. கோயிலுக்குக் கொண்டுட்டுப் போயிட்டு வெரசா வந்துருதேன்.”

“பிள்ளையோட அய்யாவுக்கு இன்னைக்கு லீவு. அவுக பாத்துக்கிடுவாக.”

“ஆடிச்சுத்து சுத்தணும்ட்டி. இடுப்புலயே வச்சிருப்பேன். கீழயே விட மாட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அதத்தானே ஒரு வருசமாச் செஞ்சீங்க? போதும்,” என்றாள் முருகம்மாள்.

“பெம்மா!” என்று வடிவு கையை நீட்டினாள். பெரியம்மா என்பது அவள் வாயில் அப்படித்தான் வரும். முருகம்மாள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பிச்சம்மாளைச் சுற்றிக்கொண்டு போனாள். வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் பிள்ளையைக் கொடுத்தாள். அப்படிச் சுற்றிக்கொண்டு போனதை இனி எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கப் போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

எக்ஸ்சேஞ்சில் அன்று நல்ல கூட்டம். பலகையில் ஒரு சின்ன மூடி கீழே விழுந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பொருள். ஒரு கயிறை அந்தத் துளையில் செருகி, நம்பர் கேட்டு, ஜோடிக் கயிறை எதிராளியின் துளையில் செருக வேண்டும். இரண்டு பேர் பேச்சும் அந்த இரண்டு கயிறு வழியாகத்தான் போகும்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷரீபா பீவி, முருகம்மாளுக்கு மூத்தவள். திடீரென்று கையை நீட்டி முருகம்மாளின் கயிறு ஒன்றை உருவினாள்.

“ஏளா, நீ இங்கன இருக்கியா இல்லையா? புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரன் லைனத் தூக்கி வக்கீல் வீட்டுக்குக் குடுத்துட்டே. அவன் வக்கீல்கிட்ட மூடை என்ன வெலைக்குப் போவும்னு கேட்டுக்கிட்டு இருக்கான். அந்த மனுசனும் யோசிச்சுப் பதில் சொல்லுதாரு!”

முருகம்மாள் சிரிக்கவில்லை.

“அக்கா, தென்காசி லைன் சும்மா இருக்கா?”

“எதுக்கு?”

“மாரித்தாய்ட்ட பேசணும்.”

மாரித்தாய் தென்காசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சங்கரன்கோவில்காரி. இங்கே மாமியார் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காகத் தென்காசியில் தங்கியிருக்கிறாள். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதாக இருந்தால் ஆபீஸில் உடனே சம்மதிப்பார்கள். ‘நீ இங்க வாயேன், நான் அங்க வாரேன்’ என்று பல மாதங்களாக முருகம்மாளைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். வடிவைப் பிச்சம்மாள் பார்த்துக்கொள்கிறாள் என்கிற தைரியத்தில் முருகம்மாள் ஒவ்வொரு தடவையும் மறுத்துவிட்டாள்.

“கோவத்தோட போன் பண்ணாதளா,” என்றாள் ஷரீபா பீவி. “சோத்தத் தின்னுட்டுப் பண்ணு.”

முருகம்மாள் கயிறைச் செருகினாள்.

“மாரித்தாயா? முருகம்மா பேசுதேன். நான் தென்காசிக்கு வாரேன். நீ இங்க வந்துரு.”

  எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“நெசமாத்தான் சொல்லுதியா? எம் மவன் என்னய அத்தைங்கான், முருகம்மா. வாரத்துக்கு ஒருக்க வந்துட்டுப் போறவள அவன் வேற என்னன்னு கூப்பிடுவான்? நாளைக்கு மொத பஸ்ஸுல வந்துருதேன். ரெண்டு பேரும் சேந்தே எழுதிக் குடுத்துருவோம். நீ மனசு மாறிராத, என்ன?”

“மாற மாட்டேன்.”

கயிறை உருவிப் பலகையில் வைத்தாள். ஷரீபா பீவி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் ஆவுடையப்பன் காலையிலிருந்தே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்குப் படி ஏறச் சொல்லித்தருவது என்று முடிவு செய்திருந்தான். இரண்டாவது படியில் ஒரு பொரி உருண்டையை வைத்தான்.

“ஏறு, ஏறு, மேல எடம் கெடக்கு. வழியில நிக்காத தாயி.”

வடிவு பொரி உருண்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கைகளைத் தூக்கினாள்.

“தூக்கு.”

“தூக்க முடியாது. நாள் பூராவும் ‘படியில நிக்காத, படியில நிக்காத’ன்னு ஊரானக் கத்துதேன். எம் பிள்ளைகிட்ட படியில நில்லுன்னு கெஞ்ச வேண்டியிருக்கு, பாரு.”

கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்துவிட்டு, சாயங்காலம் போல அவனுக்கு ஒரு வழி தோன்றியது. பிள்ளையின் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து முதல் படியின் மேல் ஊன்றி வைத்தான். கை ஊன்றியதும் பாரம் முன்னால் வந்துவிடும். பாரம் முன்னால் வந்தால் முட்டி தானாக மேலே வரும். அப்படியே ஆயிற்று. வடிவின் இடது முட்டி படி மேல் ஏறியது. அவளுக்கே ஆச்சரியம். கீக் என்று ஒரு சத்தம் போட்டாள். அடுத்தது பாதம்தான்.

“ஏ தம்பி! வேண்டாம்யா! இன்னைக்கு மட்டும் வேண்டாம்யா!”

அடுப்படிக்குள்ளிருந்து பிச்சம்மாள் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் பிள்ளையை இடுப்போடு பிடித்து இழுத்தாள். வடிவின் முழங்கை சிமெண்டில் உரசியது. வீறிட்டு அழுதாள்.

டியூட்டி முடிந்த முருகம்மாள் அந்த நேரத்தில்தான் வாசலில் வந்து நின்றாள்.

“விடுங்க அவள.”

“முருகு...”

“என் கண்ணால பாத்தாச்சு. ஏறப்போன பிள்ளையப் பிடிச்சு இழுத்துப் போடுதீங்க. இதுக்கு மேல என்ன சொல்லப் போறீங்க?”

“இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கட்டி. ஒரு நாளு.”

“இன்னைக்கு என்ன, நாளைக்கு என்ன? எதுக்குன்னு சொல்லுங்க.”

பிச்சம்மாள் பிள்ளையைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். 

“சொல்லக் கூடாதுட்டி,” என்றாள்.

“சொல்லாண்டாம். நான் சொல்லுதேன். தென்காசிக்கு மாத்திக்கிடுதேன்னு மாரித்தாய்ட்ட பேசிட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு நான் போறேன்.”

ஆவுடையப்பன் எழுந்துவிட்டான். “ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?”

“உங்க பஸ்ஸு தென்காசிக்கும் போவுதுல்லா? வாங்க, எறங்கிக்கிடுங்க.”

பிச்சம்மாள் பிள்ளையைத் தரையில் விட்டாள். முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு புறவாசலுக்குப் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளத்துரை வயலிலிருந்து வந்து தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

தம்பி மனைவியிடம் மூத்தவர் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முருகம்மாளிடம் அவர் சொல்ல வேண்டியதெல்லாம் தம்பி மூலமாகவோ, பிச்சம்மாள் மூலமாகவோதான் போகும். துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அழுதுகொண்டிருந்த வடிவைத் தூக்கி மடியில் உட்காரவைத்தார்.

“வடிவு, ஒங்கம்மைட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிருவியா?”

“ம்,” என்றது பிள்ளை.

“போன ஆவணி மாசம். நீ நடக்க ஆரம்பிச்ச புதுசு. ஒங்கம்மை டூட்டிக்குப் போயிருந்தா. ஒங்க பெரியம்மா உலை வச்சுக்கிட்டு இருந்தா. அவ திரும்பிப் பாக்கதுக்குள்ள நீ இந்தப் படியில தவந்து பாதி தூரம் ஏறிட்ட. அங்கேருந்து உருண்ட. நான் வந்து பாக்கும்போது ஒனக்கு மூச்சுப் பேச்சு இல்ல. கொஞ்ச நேரந்தான். பொறவு அழுத. நீ அழுத பொறவுதான் அவளுக்கு உசுரு வந்துச்சு.”

முருகம்மாள் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள். “நெத்தியில வீங்கி இருந்துச்சே... கதவு இடிச்சிருச்சுன்னு...”

“கதவுன்னு சொன்னது பொய்யின்னு சொல்லு, வடிவு. நெசத்தச் சொன்னா அம்மை ஒன்னய இனிமே தர மாட்டான்னு பயந்துட்டா. ஏதோ நேந்துக்கிட்டா. நேந்தத வெளிய சொன்னா பலிக்காதும்பாக, அதனால எங்கிட்டயும் வாயத் தொறக்கல. ஆனா நீ படிப் பக்கம் போறப்பல்லாம் ‘தாயே, ஆடி வரட்டும், எடுத்துட்டு வந்து சுத்திருதேன், அதுவரைக்கும் இவ கால் படியில படாது’ன்னு முணுமுணுப்பா. எனக்குக் காது கேக்கும்லா? நேந்தது அவதான், நான் இல்ல. அதனால நான் சொல்லலாம்.”

 வெள்ளத்துரை தம்பி பக்கம் திரும்பினார்.

“ஏலே, காலு படியில பட்டுச்சா?”

“முட்டு மட்டுந்தாண்ணே. பாதம் அந்தரத்துல நின்னுச்சு.”

“அப்பம் சரி. முட்டுக்கெல்லாம் அம்மன் கணக்குப் பாக்க மாட்டா.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது; பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

டாக்டரம்மாவின் கேள்வி முருகம்மாளுக்கு இப்போது வேறு விதமாகக் கேட்டது. உங்க வீட்டுல படியே கிடையாதா? இருக்கிறது. தினமும் சாயங்காலம் அந்தப் படியில் அவள்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். டியூட்டி முடிந்து வந்த அலுப்பு. பிள்ளை தானாக ஏற வேண்டுமென்றால் ஒவ்வொரு படியிலும் நிற்கும், உட்காரும், கண்ட எறும்பையெல்லாம் பார்க்கும். தூக்கினால் ஒரு நொடி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான் தூக்கினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கீழ்ப்படியில் பிள்ளையோடு நின்றிருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும். பிச்சம்மாள் தூக்கியதற்கு ஒரு நேர்ச்சை இருந்தது. தான் தூக்கியதற்கு அவசரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

வடிவை வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள்.

“அக்கா, பிள்ளையப் பிடிங்க. வெயில் தாழ்ந்துருச்சு. சுத்திட்டு வருவோம்.”

பிச்சம்மாள் கையை நீட்டவில்லை. “யாரு சொன்னா?”

“வடிவு சொன்னா.”

பிச்சம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அந்த மனுசனுக்கு வாயி சும்மா இருக்காது,” என்று முணுமுணுத்தாள். பிறகு, “விழுந்தத மறச்சிட்டேன்ட்டி,” என்றாள்.

தான் போன வாரம் கேட்ட கேள்விக்காக முருகம்மாள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.  பிள்ளையை அவள் இடுப்பில் வைத்தாள்; அவ்வளவுதான் முடிந்தது.

கோயிலைச் சுற்றிக் கூட்டம் ஒரே திசையில் நகர்ந்தது. பருத்திக்காட்டு ஜனங்கள், கைப்பிள்ளைக்காரிகள், கால் வீங்கிய கிழவர்கள். முதல் சுற்றில் வடிவு பலூன்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அடுத்த சுற்றிலேயே தகராறு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து நழுவுகிற வித்தை நன்றாகத் தெரியும். உடம்பை மரப்பலகை போல விறைக்கும், கைகளை மேலே தூக்கிவிடும். அப்புறம் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

“எறக்கு! நான்! நான் நடே!”

“நான் கொஞ்ச நேரம் வச்சிக்கிடுதேன்க்கா.”

“நேந்தது நாந்தானட்டி.”

மண்டபத்து ஓரம் ஒரு சின்னப் பயல் திண்டிலிருந்து குதித்துக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தான். குதிப்பதென்றால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். வடிவு அவனைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பிலிருந்தபடியே தன் உடம்பை எம்பினாள். பிச்சம்மாளுக்குத் தோள் பட்டை இறங்கியது. சுற்று ஏற ஏறப் பிள்ளை தூங்கிப்போயிற்று. தூங்குகிற பிள்ளை எப்போதும் இரு மடங்கு கனக்கும். விழித்திருக்கும்போது அது நம்மைப் பிடித்துக்கொள்கிறது, தூங்கும்போது நாம் மட்டும்தான் பிடிக்கிறோம்.

முருகம்மாள் பக்கத்திலேயே நடந்தாள்.

“அக்கா, தென்காசி விசயம்...”

“இப்பம் பேசாத. சுத்தி முடியட்டும்.”

கடைசிச் சுற்று முடிந்து, சன்னதிக்கு நேராகச் சூடம் கொளுத்திக் கும்பிட்ட பிறகு பிச்சம்மாள் கேட்டாள்.

“இப்பம் சொல்லு.”

“காலையில மாரித்தாய் வருதா. வேண்டாம்னு சொல்லிப் பாக்குதேன்க்கா. ஏதோ கோவத்துல பேசிட்டேன்னு.”

“அவளுக்குப் பிள்ள இருக்கா?”

“ஒரு மவன். இங்கனதான் இருக்கான். அவள அத்தைன்னு கூப்பிடுதானாம்.”

தெற்கு ரத வீதியில் திரும்பினார்கள். பிச்சம்மாள் தூங்குகிற பிள்ளையின் தலையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“அப்பம் எப்படி வேண்டாம்னு சொல்லுவ?” என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வடிவு விழித்துக்கொண்டாள். பிச்சம்மாள் அவளைப் படிக்கு முன்னால் இறக்கிவிட்டாள்.

“முருகு, நீ மேல போயி உக்காரு.”

முருகம்மாள் போய் மேல்படியில் உட்கார்ந்தாள். அண்ணனும் தம்பியும் கூடத்தில் நின்றார்கள். ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், வெள்ளத்துரை முறைத்தார்.

“ஏறு தாயி,” என்றாள் பிச்சம்மாள்.

“பெம்மா, தூக்கு.”

“பெம்மா தூக்க மாட்டேன். ஏறு.”

ஒரு வருடமாகக் கேட்ட உடனே கிடைத்தது இன்று கிடைக்கவில்லை. வடிவு தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதாள். பிச்சம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்காமல் நிற்பது, சுமந்துகொண்டு சுற்றியதைவிடக் கஷ்டமாக இருந்தது அவளுக்கு.

அழுது ஓய்ந்த பிறகு வடிவு எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் படியில் ஊன்றினாள். முட்டி ஏறியது. ஒரு கணம் அப்படியே யோசித்தாள். பிறகு பாதம் ஏறியது. எழுந்து நின்று, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

“ரைட், போலாம்,” என்றான் ஆவுடையப்பன், அடக்க முடியாமல்.

ஒவ்வொரு படியாகப் பிள்ளை மேலே போயிற்று. பிச்சம்மாள் ஒரு படி பின்னால் போனாள். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் கையை விரித்து வைத்திருந்தாள், தொடவில்லை. பாதிப் படிக்கட்டு வந்ததும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். வடிவு அந்த இடத்தையும் தாண்டினாள். மேல்படி வந்ததும் முருகம்மாளின் மடியில் தொப்பென்று விழுந்து சிரித்தாள்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பிள்ளை அவளிடம் தானாக ஏறி வந்திருக்கிறது. முருகம்மாள் அவளை இறுக்கிக்கொண்டாள். அதற்குள் பிச்சம்மாள் திரும்பிக் கீழே இறங்கிவிட்டாள்.

“பெம்மா!”

வடிவு மடியிலிருந்து நழுவிப் படி விளிம்புக்கு வந்தாள். கீழே பார்த்தாள். ஏறுவது எளிது, இறங்குவது அதற்கும் பிறகுதான் வரும். ஏறும்போது எதிரில் படி இருக்கிறது, கையால் தொடலாம். இறங்கும்போது கண்ணுக்குத் தெரிவது பள்ளம் மட்டும். அதோடு, உடம்பின் பாரத்தை ஒரு காலில் தாங்கியபடி, அந்தக் காலை மெதுவாக மடக்க வேண்டும். தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதற்குத்தான் அதிக பலம் வேண்டும். அதனால் பிள்ளைகள் முதலில் திரும்பிக் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை மட்டும் கீழே விட்டுத் தடவிப் பார்க்கும். வடிவும் அப்படித்தான் படுத்தாள். சின்னக் கால் காற்றில் அங்கும் இங்கும் படியைத் தேடியது.

முருகம்மாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க வாங்கக்கா. வந்து தூக்கிக்கிடுங்க.”

“வேண்டாம்ட்டி,” என்றாள் பிச்சம்மாள் கீழிருந்து. “எறங்கதுக்கு நாளாகும். தென்காசியில வீடு பாக்கும்போது படி இருக்க வீடாப் பாரு. இருந்தாத்தான் பழகுவா.”

 பிள்ளையின் கால் இன்னும் காற்றிலேயே துழாவிக்கொண்டிருந்தது. முருகம்மாள் குனிந்து அந்தக் காலைப் பிடித்து, அடுத்த படியில் ஊன்றி வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது படிக்குக் கீழே யாரும் இல்லை.